வழித்த பீங்கான்

என் மருமகனின் நோயை முதலில் கண்டது டொக்டரில்லை, நான்தான். கண்டும் அது நோய் என்று எனக்கு விளங்கவில்லை.

எண்பத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் பகல், அவருடைய பீங்கானில் பாதிச் சோறு மிச்சமாகி அடுப்படிக்குத் திரும்பி வந்தது. ஏழு வருஷத்தில் அப்படி ஒருநாளும் வந்ததில்லை. எப்போதும் பீங்கான் கழுவி வைத்ததுபோல வரும்.

"ஆணத்துல உப்புக் கூடிப்போச்சா புள்ள?" என்று மகள் சுபைதாவிடம் கேட்டேன்.

"இல்ல உம்மா. வலப்பக்கம் விலாவுக்குக் கீழ பாரமாக் கிடக்காம். கல்ல வெச்ச மாதிரியாம்."

நான் அவரிடமே கேட்டிருக்கலாம். அவர் பத்தடி தூரத்தில் முன் அறையில்தான் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மருதமுனையில் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தவள். கணவர் இளவயதிலேயே மௌத்தாகிவிட்டார். எனக்கு ஒரே மகள். எங்கள் கரையோர ஊர்களில் கல்யாணம் முடிந்தால் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படித்தான் எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு முந்திய வருஷம் நிந்தவூரிலிருந்து இஸ்மாயில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வந்த மருமகனோடு மாமி முகம் பார்த்துக் கதைப்பது மரியாதை இல்லை என்று எங்கள் குடும்பத்தில் நினைத்தோம். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், மகள் அவரிடம் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைக் கத்தி அடக்கிய எனக்கு, வீட்டில் ஒரு மருமகனிடம் சொல்ல ஒரு சொல் இருக்கவில்லை.

ஆகவே சோற்றால் கதைத்தேன். காலையில் பிட்டும் தேங்காய்ப்பாலும் சீனியும் வாழைப்பழமும். பகலில் மாட்டிறைச்சி ஆணத்தோடு ஒரு பீங்கான் சோறு, பின்னால் எருமைத் தயிரும் சீனியும். பின்னேரம் டின்பால் ஊற்றிய தேநீர், ரொட்டி. இராவைக்கு மறுபடியும் சோறு. வெள்ளிக்கிழமைகளில் வட்டலப்பம்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு உண்டு. உண்பவர் பீங்கானில் ஒரு பிடி மிச்சம் வைத்தால் போதும் என்று அர்த்தம். வழித்து உண்டால் இன்னும் வேண்டும், கேட்க வெட்கப்படுகிறார் என்று அர்த்தம். மருமகன் முதல் நாளிலிருந்தே வழித்து உண்டார். பாவம், பற்றவில்லை என்று அடுத்த நாள் ஒரு கரண்டி கூட வைத்தேன். அதையும் வழித்தார். நானும் விடவில்லை.

நாவிதன்வெளியில் ஒரு நெல் களஞ்சியத்தில் அவருக்கு எழுதுவினைஞர் வேலை. ஆரம்பத்தில் சைக்கிளில் போய் வருவார். கிட்டங்கித் தாம்போதியை (தண்ணீருக்குக் குறுக்கே போட்ட தாழ்ந்த பாலத்தை) கடந்து, வயல் பாதையில் போக வேண்டும். மாப்பிள்ளை வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிள் மிதிப்பது எங்களுக்குக் குறைச்சல் என்று நானே ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் பகல் சோற்றுக்கும் வீட்டுக்கே வரத் தொடங்கினார். எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

சாரன் (கைலி) கட்டு வயிற்றுக்குக் கீழே இறங்கியது. பின்னேரம் அசர் தொழுதுவிட்டு அப்படியே சாய்ந்து உறங்கினார். பிடரியில் கருமை படிந்தது. வெயில் என்று நினைத்துச் சுபைதா தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. இவற்றையெல்லாம் நாங்கள் நோய் என்று நினைக்கவில்லை. 'மருமகன் எங்கட ஊட்டுக்கு வந்து நல்லாத் தேறிட்டார்' என்று நான் சொல்லித் திரிந்தேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது இப்படி ஒரு 'தேறிய' ஆள் வீட்டில் இருந்தால், பிடரியைப் பாருங்கள். அந்தக் கருமை நீரிழிவின் (இரத்தத்தில் சீனி கூடும் நோயின்) அடையாளமாக இருக்கலாம் என்று பின்னர்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

சோறு மிச்சம் வந்த கிழமையே நான் சொறிக்கல்முனையிலிருந்து ஒரு பரியாரியாரை (நாட்டு வைத்தியரை) அழைப்பித்தேன். செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்பது என் எண்ணம். அவர் மருமகனின் கண்ணைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வலப்பக்கத்தை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"இது செங்கமாரி இல்ல தங்கச்சி. கீழ்காய்நெல்லிய அரைச்சுக் குடுத்து நாளக் கடத்தாதீங்க. ஈரல் வீங்கிக் கிடக்கு. ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போங்க" என்றார். மருந்து விற்க வந்தவர் மருந்து தராமல் போனார். அந்த மனிதருக்கு நான் இன்றும் துஆச் செய்கிறேன்.

ஆசுபத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் பார்த்தார். ஈரல் விலாவுக்குக் கீழே மூன்று விரல் இறங்கியிருக்கிறது என்றார். பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்டார்: "குடிக்கிறவரா?"

பக்கத்துக் கட்டில்களில் எங்கள் ஊர்க்காரர் இருவர் இருந்தார்கள். இரண்டு தலையும் ஒன்றாகத் திரும்பின.

"இல்ல டொக்டர், வாயிலயும் வெச்சதில்ல" என்றார் மருமகன். டொக்டர் நம்பினாரோ இல்லையோ, ஊர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கதை பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. நாவிதன்வெளிப் பக்கம் கள்ளுக்கொட்டில் இருக்கிறது, பின்னே என்ன என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு நான் செய்தது என்ன தெரியுமா? இன்னும் நன்றாகச் சமைத்தேன். ஈரலுக்கு ஈரல் நல்லது என்று யாரோ சொல்ல, நாள் தவறாமல் ஆட்டீரல் பொரித்தேன். தெம்புக்குக் குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்து, நாளுக்கு மூன்று முறை மகளிடம் கொடுத்தனுப்பினேன். அவர் மறுக்காமல் குடித்தார். இரத்தத்தில் சீனி கூடியிருந்த மனிதருக்கு நான் சீனியைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் உங்களில் ஒருத்தி நாளைக்கு அதையே செய்வாள்.

மேற்கொண்டு சோதிக்கக் கண்டிக்குப் போகச் சொன்னார்கள். சுபைதா இரண்டாவது பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியவில்லை. மருமகனுடைய வாப்பா உயிரோடு இல்லை, உம்மாவுக்குக் கண் மங்கல், காக்கா (அண்ணன்) சவூதியில். மகளுக்குத் துணையாக என் தங்கச்சியை வைத்துவிட்டு நானே புறப்பட்டேன்.

கண்டி பஸ்ஸில் ஒரே இருக்கையில் இருந்தோம், இடையில் சோற்றுப் பொதி. இடையில் நிற்க மகள் இல்லை. மருமகன் கொண்டக்டரைக் கூப்பிட்டு, "மாமிக்குத் தண்ணி குடிக்க எங்கயாவது நிப்பாட்டுவீங்களா?" என்றார். சற்று நேரத்தில் நான் கொண்டக்டரைக் கூப்பிட்டு, "மருமகனுக்கு மூச்சு வாங்குது, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் திறந்து உடுங்க" என்றேன்.

மூன்றாம் தடவை அந்தக் கொண்டக்டர் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. "ஒரே சீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்னத்துக்கு என்னப் போட்டு அலைக்கிறீங்க?" என்றான். மருமகன் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அவர் சிரிப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலில் கிட்ட இருந்து பார்த்தேன்.

கண்டியில் பயொப்சி (ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். செய்து முடிந்தபின் வலப்பக்கமாகச் சரிந்து, அசையாமல் பல மணி நேரம் கிடக்க வேண்டும். இரத்தம் கசியாமலிருக்க அது அவசியம். நாக்கு வறண்டு போயிற்று என்று அவர் தாதியிடம் சைகை காட்டினார். தாதி வேறு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் கரண்டியால் தண்ணீர் எடுத்து அவர் உதட்டில் வைத்தேன். ஏழு வருஷமாக மகளின் கையால் ஊட்டியவள், அன்றுதான் என் கையால் கொடுத்தேன், அதுவும் வெறும் தண்ணீர். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நரைத்த மீசையும் நல்ல தமிழும் உள்ள பெரிய டொக்டர், எங்கள் இருவரையும் தன் அறையில் இருத்திச் சொன்னார்.

"ஈரல் முழுக்கக் கொழுப்பு. கூடவே அழற்சியும் (புண்பட்டதுபோல வீங்குவதும்) இருக்கு. அங்கங்க தழும்பும் விழத் தொடங்கியிருக்கு. இப்படியே போனா ஈரல் இறுகிப் போகும் (கல்லுப்போலாகி வேலை செய்யாமல் போகும்). சீனி வருத்தமும் இருக்கு. குடிக்கிறவங்க ஈரல் மாதிரியே இருக்கு. ஆனா நீங்க குடிக்கிறதில்ல. நான் நம்புறேன். குடிக்காதவங்களுக்கும் இது வருதுன்னு இப்பத்தான் நாங்களே கவனிக்கத் தொடங்கியிருக்கிறோம்."

பிறகு பேனையை எடுத்தார். "ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுவீங்க?"

"சாதாரணமாத்தான் டொக்டர். எல்லாரும் திங்கிற மாதிரி" என்றார் மருமகன்.

டொக்டர் அதை எழுதிக்கொள்ளப் போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று எனக்கு விளங்கியது. உயிர் போனாலும் காட்டிக்கொடுக்க மாட்டார் என்பதும் விளங்கியது. அந்தப் பொய் அப்படியே தாளில் ஏறினால், அதற்கேற்ற வைத்தியம்தான் கிடைக்கும். என் மகளுக்கு வயது இருபத்தாறு.

"சாதாரணம் இல்ல டொக்டர்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மருமகன் முன்னால் அப்படிச் சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. பிட்டிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தேநீருக்கு நான்கு கரண்டி சீனி, தயிருக்குத் தனியாக. ஆட்டீரல். குளுக்கோஸ் மா. மோட்டார் சைக்கிளையும் விடவில்லை. டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மருமகனிடம் திரும்பினார்.

"இவ்வளவையும் ஏன் சாப்பிட்டீங்க?"

"மிச்சம் வெச்சா மாமிட மனம் நோகும், டொக்டர்."

நான் டொக்டர் இருப்பதையே மறந்துவிட்டேன். "போதும் எண்டு மகள்ட ஒரு சொல்லுச் சொல்லி உட்டிருக்கலாமே மகன்? வழிச்சு வழிச்சுத் திண்டா, பத்தல்ல எண்டுதானே நான் நினைப்பன்?"

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "எங்கட ஊட்டுல, வழிச்சுத் திண்டா வயிறு நிறைஞ்சிட்டு எண்டுதான் மாமி அர்த்தம். ஆக்கினவங்களுக்கு அதுதான் மரியாதை எண்டு எங்கட உம்மா சொல்லித் தந்தா."

மருதமுனைக்கும் நிந்தவூருக்கும் இடையில் எத்தனை மைல்? ஒரு பஸ்ஸில் போய் வரும் தூரம். அந்தத் தூரத்தில் ஒரு வழித்த பீங்கானுக்கு இரண்டு அர்த்தம் இருந்திருக்கிறது. டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்பப் பசிச்சுது உங்களுக்கு?"

மருமகன் யோசித்தார். "நினைவில்ல டொக்டர்."

"நோன்புக் காலத்துலயுமா?"

"விடிய முந்தி சஹருக்கு மாமி நல்லா ஆக்கித் தருவாங்க, டொக்டர்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

நீரிழிவுக்கு மாத்திரை தந்தார். ஈரலுக்கு என்று குளிசை எதுவும் இல்லை, உடம்பு மெல்ல மெல்ல மெலிந்தால் ஈரலும் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்றார். அவசரப்பட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி அறவே வேண்டாம். சோறு பாதி, மரக்கறி இரண்டு பங்கு. கண்ட கசாயமும் வேண்டாம். நாள்தோறும் வேர்க்கும்வரை நடை அல்லது சைக்கிள். "அளவுக்கு மிஞ்சினால்" என்று தொடங்கினார். "தெரியும் டொக்டர், அத நாப்பது பிள்ளையளுக்குக் கரும்பலகையில எழுதிப் போட்டவள் நான்" என்றேன்.

வீட்டுக்கு வந்தபின் முதல் இரண்டு மாதம் கடினமாக இருந்தது. அவருக்கு எப்படியோ, எனக்குக் கடினம். ஒரு அகப்பைச் சோற்றைப் பீங்கானில் வைத்துப் பார்த்தால், வேண்டாத விருந்தாளிக்கு வைத்ததுபோலத் தெரியும். சிவப்பரிசிச் சோறு, வல்லாரைச் சம்பல், பால் விடாத மீன் ஆணம், புளியாணம். கை தன்னாலே இரண்டாம் அகப்பைக்குப் போகும். சுபைதா பக்கத்தில் நின்று, "உம்மா" என்பாள். கையை இழுத்துக்கொள்வேன்.

மோட்டார் சைக்கிளை விற்றோம். பழைய சைக்கிளுக்கு எண்ணெய் போட்டார். முதல் நாள் கிட்டங்கித் தாம்போதி வரைக்கும்தான் அவரால் போக முடிந்தது. தண்ணீர் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் சைக்கிளோடு வந்து இறங்கினார். முற்றத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். மறுநாளும் போனார். தாம்போதியைக் கடந்து களஞ்சியம் வரைக்கும் நிற்காமல் போக மூன்று மாதம் எடுத்தது.

ஹஜ்ஜுப் பெருநாளன்று நான் சறுக்கினேன். பெருநாள்தானே என்று நெய்ச்சோறும் இறைச்சியும் பழைய அளவில் வைத்தேன். அவரும் பழைய பழக்கத்தில் வழித்துவிட்டார். இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். சறுக்காமல் குணமான வீடு எதையும் நான் பார்த்ததில்லை. சறுக்கினால் அடுத்த வேளையிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். அழுது கொண்டிருக்காதீர்கள். நான் அழுதேன், அதில் பயனில்லை.

அவர் மெலிய மெலிய ஊர்க்கதை மாறியது. குடிகாரன் என்றவர்கள், மாமி சோறு போடாமல் வாட்டுகிறாள் என்றார்கள். எனக்கு முதற்கதையைவிட இதுதான் வலித்தது. மருமகனுக்குச் சோறு போடாதவள் என்ற பெயர் எங்கள் ஊரில் இலேசான பெயர் இல்லை. கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒருநாள் நிந்தவூரிலிருந்து அவருடைய உம்மா வந்தார். கண் மங்கலானபடியால் மகனின் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். உடனே ஒப்பாரிபோலத் தொடங்கிவிட்டார். "என்ட மகன் வத்திப் போயிட்டானே! இந்த ஊட்டுல என்னத்தத்தான் திங்கக் குடுக்கிறீங்க?"

நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"உம்மா," என்றார் மருமகன். "மாமிதான் என்ட ஈரலக் கழுவித் தந்திருக்காங்க. ஊர் சொல்றத நீங்களும் சொல்லாதீங்க." பிறகு திரைப்பக்கம் திரும்பி, "மாமி, உம்மாவுக்கு ஒரு பிளேன்டீ போடுங்க. எனக்கும். சீனி இல்லாம" என்றார்.

எட்டாவது வருஷத்தில் என் மருமகன் என்னிடம் நேரே கேட்ட முதல் பொருள் அது. தேயிலையை இரண்டு தரம் போட்டுக் கசக்க வைத்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துக் கண்டி டொக்டர் அவருடைய வலப்பக்கத்தை அமுக்கிப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார், மறுபடி அமுக்கினார். "ஈரல் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படல" என்றார். இரத்தப் பரிசோதனையும் நல்ல பக்கம் திரும்பியிருந்தது. விழுந்த தழும்பில் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம், வாழ்நாள் முழுக்கக் கவனம் வேண்டும் என்றும் சொன்னார்.

அதன்பின் சண்டை கூடி நாட்டு நிலைமை கெட்டது, பாதை கெட்டது. கண்டிக்குப் போக முடியாத காலத்தில் நாங்களே சோதிக்கப் பழகினோம். நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் நல்லது, செங்கல் நிறமானால் சீனி கூடிவிட்டது. ஒவ்வொரு காலையும் சுபைதா குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். "நீலம், உம்மா" என்பாள். எனக்கு அன்றைய நாள் அப்போதுதான் விடியும். தாம்போதியைக் கடக்க முடியாத நாள்களில் அவர் கடற்கரை மணலில் நடந்தார். தோணிக்காரர்கள் அவர் போக வரப் பார்த்து நேரம் சொல்வார்களாம்.

முன்பெல்லாம் என் நாள் அடுப்பில்தான் ஓடியது. காலைச் சாப்பாடு முடிந்தால் பகல், பகல் முடிந்தால் இரா. பசி என்பது வருவதற்கு முன்னால் தடுக்க வேண்டிய ஒன்று என்றே நினைத்திருந்தேன். இப்போது சமைத்து மூடிவிட்டுச் சும்மா இருக்கப் பழகியிருக்கிறேன். சும்மா இருக்கும்போது என் முழங்கால் வலி தெரிகிறது, என் மூச்சுத் தெரிகிறது. என் தேநீரிலும் சீனி குறைந்துவிட்டது.

எண்பத்தேழில் ஒரு பகல். வயலில் அறுவடை, களஞ்சியத்தில் வேலை கூடுதலான நாள். சோறு ஆக்கி மூடி வைத்திருந்தேன். சுபைதா பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் இருந்தாள். முற்றத்தில் சைக்கிள் சாத்தும் சத்தம் கேட்டது. முன் அறையில் போய் உட்காருவார், மகளைக் கூப்பிட வேண்டும் என்று எழுந்தேன்.

அவர் முன் அறைக்குப் போகவில்லை. முகத்தில் வேர்வை வழிய, நேரே அடுப்படி வாசலில் வந்து நின்றார். வயிற்றில் கையை வைத்திருந்தார். பழைய பாரம் வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"என்ன மகன்? நோகுதா?"

"இல்ல மாமி," என்றார். சிறுபிள்ளைபோல வெட்கப்பட்டுச் சிரித்தார். "பசிக்குது."

பத்து வருஷமாக அந்த மனிதருக்குச் சோறு போடுகிறேன். அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அகப்பையை எடுத்தேன். சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, முன்பு ஒருநாளும் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

"எவ்வளவு வைக்க?"